மார்கரீத்தாவும் முத்தம்மாளும்

உலு திராம் வட்டாரத்துத் தோட்டமொன்றில் கிராணி வேலை பார்த்துவரும் நமக்குச் செக்ரோல் எழுதுவதோடு கடமை தீர்ந்துவிடுவதில்லை. மனு எழுதித் தருவதும், பாரங்களை நிரப்பிக் கொடுப்பதும், சிற்சில சமயங்களில் வீட்டு வழக்குகளுக்குத் தீர்ப்புச் சொல்வதும் நம் மேசைக்கே வந்து சேரும். அவ்விதமாகச் சென்ற ஆண்டு மழைக்காலத்தில் ஒரு மாலைப் பொழுது வந்து சேர்ந்த வழக்கொன்றே இக்கட்டுரைக்குக் காரணமாயிற்று.

வழக்காவது: தோட்டத்தில் செம்பனைக் குலை அறுக்கும் தொழிலாளி ஒருவருக்குப் பெண் குழந்தை பிறந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. பிறப்புப் பதிவுப் பாரத்தில் பெயர் எழுதும் இடம் மட்டும் வெறுமையாகக் கிடந்தது. குழந்தையின் தாயார் தம் சிறு வயதில் தொலைக்காட்சியில் மெக்சிகோ நாட்டுத் தொடர்களைப் பார்த்து வளர்ந்தவர். அவற்றில் கேட்ட 'மார்கரீத்தா' என்னும் ஸ்பானியப் பெயரையே மகளுக்கு இடவேண்டுமென்பது அவர் விருப்பம். குழந்தையின் அப்பாவைப் பெற்ற மூதாட்டியாரோ, தம் பெயராகிய முத்தம்மாள் என்பதையே பேத்திக்கு இடவேண்டுமென்று நின்றார். "அது பட்டிக்காட்டுப் பேர், பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் சிரிப்பார்கள்" என்றார் மருமகள். மூதாட்டியார் மருமகளைத் திரும்பியும் பார்க்கவில்லை. நம்மைப் பார்த்து, "என் பேருக்கு என்ன குறைச்சல் ஐயா? நீங்களே சொல்லுங்க" என்று கேட்டார்.

நாம் விடை சொல்ல மாட்டாமல் விழித்தோம். நாம் கற்றது ஆங்கில வழியில். மார்கரெட் என்ற பெயருக்கு முத்து என்று பொருள் என்பதை வகுப்பில் ஓர் ஆசிரியை சொல்லக் கேட்டு, அதனை ஓர் அரிய செய்தியாக மனத்தில் இருத்தியும் வைத்திருந்தோம். அதே வகுப்பில் முத்துலட்சுமி என்றொரு மாணவி நமக்கு முன் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அவள் பெயருக்கும் அதுவே பொருள் என்பது ஆசிரியைக்கும் தோன்றவில்லை, நமக்கும் தோன்றவில்லை, அவளுக்கும் தோன்றியதாகத் தெரியவில்லை. இஃது எத்தகைய கல்வி என்று அன்று மாலைதான் நாணினோம். மூன்று நாள் தவணை கேட்டுக்கொண்டு, அவர்களை அனுப்பிவிட்டு, இவ்விரு பெயர்களின் சரித்திரத்தைத் தேடிப் படிக்கத் தொடங்கினோம். கண்டவற்றை வாசகர்களுக்கும் சொல்லுவது தகுமென்று எண்ணுகிறோம்.

முதலில் நம் ஊர்ப் பெயரையே எடுத்துக்கொள்வோம். மலாய் மொழியில் 'திராம்' என்றால் சிப்பி. 'உலு' என்றால் ஆற்றின் மேற்புறம். ஆகவே சுங்கை திராம் என்னும் சிப்பியாற்றின் தலைப்புறத்தே அமைந்த ஊர் என்பதே உலு திராம் என்பதன் பொருளாம். ஜொகூர் பாருவிலிருந்து கோத்தா திங்கி செல்லும் சாலையில் இப்பெயர்ப் பலகையை நாள்தோறும் கண்டும், அதன் பொருளை ஒரு நாளேனும் கேளாமல் கடந்து போகிறவர் நம்மில் எத்தனையோ பேர். உண்ணும் சிப்பி வேறு, முத்து விளையும் சிப்பி வேறு என்பது மெய்யே. ஆயினும், சிப்பியின் பெயரைத் தாங்கிய ஊரில் முத்தின் பெயரைப் பற்றி வழக்கு எழுந்தது பொருத்தமாகவே இருந்தது.

மார்கரீத்தா என்பது ஸ்பானிய மொழியில் இன்றும் பெண்களுக்கு வழங்கும் பெயர். வெண்ணிற இதழ்களையுடைய ஒரு சிறு பூவுக்கும் அம்மொழியில் அதுவே பெயர். ஸ்பானியர் இச்சொல்லை இலத்தீனிலிருந்து பெற்றனர். இலத்தீன் மக்கள் கிரேக்கரிடமிருந்து பெற்றனர். கிரேக்க மொழியில் 'மார்கரீத்தேஸ்' என்றால் முத்து. மகா அலெக்சாந்தர் கிழக்கே படையெடுத்து வந்ததற்குப் பின்னரே இச்சொல் கிரேக்க நூல்களில் காணப்படுகிறது. அரிஸ்டாட்டிலின் மாணவராகிய தியோபிராஸ்தஸ் கற்களைப் பற்றி எழுதிய நூலில் இதனைக் குறிப்பிட்டு, இந்தியாவிலும் கீழைக் கடல் தீவுகளிலும் அது கிடைப்பதாகச் சொல்லுகிறார். ஆகவே இது கிரேக்கருக்குப் பிறந்த சொல்லன்று, கிழக்கிலிருந்து முத்தோடு கூடவே சென்ற சொல் என்பது தெளிவு. பாரசீகத்தில் முத்தை 'மர்வாரீத்' என்பர். அவ்வினத்து மொழியொன்றிலிருந்தே கிரேக்கர் இதனை எடுத்துக்கொண்டிருக்க வேண்டுமென்பது மொழி நூலார் பலருடைய முடிபு.

ஆனால் பழங்கிரேக்கர் சிலர் இதனை நம் நாட்டுச் சொல் என்றே கருதினர். கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஆரியன் என்னும் கிரேக்கச் சரித்திர ஆசிரியர், சந்திரகுப்த மௌரியன் காலத்துத் தூதராகிய மெகஸ்தனிஸ் எழுதியதைத் தழுவி, ஒரு கதை கூறுகிறார். ஹெராக்கிளீஸ் என்னும் வீரன் இந்தியாவுக்கு வந்தானாம். அவனுக்குப் பாண்டையா என்றொரு மகள் இருந்தாளாம். அவள் ஆண்ட நாடும் அவள் பெயராலேயே வழங்கிற்றாம். அவ்வீரன் கடலில் பெண்கள் அணியத்தக்க புதியதோர் அணியைக் கண்டு, தன் மகளை அலங்கரிப்பதற்காக எல்லாக் கடல்களிலுமிருந்து அதனைத் திரட்டுவித்தானாம். அக்கடல் முத்தை இந்தியர் தம் மொழியில் மார்கரீத்தா என்று அழைப்பதாகவும் ஆரியன் எழுதுகிறார்.

கதையைக் கதையாகவே கொள்க. ஆயினும், பாண்டையா என்ற பெயரில் பாண்டிய நாட்டின் சாயல் தெரிகிறதென்பது ஆராய்ச்சியாளர் பலர் ஒப்புக்கொண்ட செய்தி. ஒரு தகப்பன், ஒரு மகள், மகளுக்காகத் தேடிய முத்து, அம்முத்துக்கு மார்கரீத்தா என்னும் பெயர் ஆகிய நான்கும் தென்னாட்டை நோக்கி ஒரே ஏட்டில் வந்து கூடியிருப்பதை நாம் படித்தபோது, நம் மேசை முன் நின்ற குடும்பமே நினைவுக்கு வந்தது.

நிற்க. கதையை விட்டுச் சரித்திரத்துக்கு வருவோம். கி.பி. முதல் நூற்றாண்டில் பெயர் தெரியாத கிரேக்க வணிகரொருவர் எழுதிய 'செங்கடற் செலவு' என்னும் நூலில் கொல்கி என்னும் துறை பேசப்படுகிறது. அதுவே தாமிரபரணியின் முகத்தில் பாண்டியர்க்குத் துறைமுகமாய் விளங்கிய கொற்கை. சங்க நூல்கள் புகழ்ந்து பேசும் முத்து இக்கொற்கையின் முத்தேயாம். இன்று அவ்வூர் தூத்துக்குடி மாவட்டத்தில், கடல் விலகிப் போய்விட, நிலத்தின் உள்ளே ஒரு சிற்றூராய்க் கிடக்கிறது. அம்முத்துக் குளிப்பு பாண்டிய மன்னனுக்கு உரியதென்றும், தண்டனை பெற்ற குற்றவாளிகளே அங்குக் கடலில் இறக்கப்பட்டனர் என்றும் அவ்வணிகர் எழுதியிருக்கிறார். நம் முன்னோரின் பெருமையைப் பேசும் மேடைகளில் கொற்கை முத்தைக் கேட்டிருக்கிறோம். மூழ்கிய குற்றவாளிகளைப் பற்றி ஒருவரும் சொல்லக் கேட்டதில்லை.

அம்முத்துக்கள் உரோமாபுரிக்குச் சென்று சீமாட்டிகளின் காதிலும் கழுத்திலும் ஏறின. இந்தியா, சீனம், அரேபியா ஆகிய மூன்றும் ஆண்டுதோறும் 10 கோடி செஸ்டர்ஸ் நாணயத்தை உரோமரிடமிருந்து கறந்துவிடுகின்றன என்றும், ஆடம்பரத்துக்கும் பெண்டிருக்குமாக இவ்வளவு செலவாகிறதென்றும் பிளினி என்னும் அறிஞர் அதே நூற்றாண்டில் நொந்துகொண்டார். பொருள் சென்ற வழியே சொல்லும் சென்றது. விலையுயர்ந்த பொருளின் பெயர் பிறகு அருமைப் பெண்ணுக்குப் பெயராயிற்று.

பெண்பெயராக இதனை நாடெங்கும் பரப்பியது ஒரு புனிதையின் கதை. அந்தியோகியா என்னும் ஊரில் மார்கரீத்தா என்ற கன்னி, டயோக்ளீஷியன் சக்கரவர்த்தி காலத்தில், தன் சமயத்தைக் கைவிட மறுத்து உயிர் துறந்தாள் என்பது கிறிஸ்தவ மரபு. பறவைநாகம் ஒன்று அவளை விழுங்க, அதன் வயிற்றைப் பிளந்துகொண்டு வெளிப்பட்டாள் என்றும் சொல்லுவர். கிரேக்கத் திருச்சபையார் அவளையே மரீனா, அதாவது கடலுக்குரியவள், என்று வழங்குகின்றனர். சரித்திரச் சான்று போதாதென்று 1969-ஆம் ஆண்டில் உரோமைத் திருச்சபை தன் பொது நாட்காட்டியிலிருந்து அவள் திருநாளை நீக்கிவிட்டது. நாளை நீக்கினும் பெயரை நீக்க யாரால் முடியும்? அது ஏழை வீட்டிலும் அரண்மனையிலும் நிலைத்துவிட்டது. ஸ்பெயின் அரசன் மூன்றாம் பிலிப்பு 1599-இல் மணந்த அரசியின் பெயர் மார்கரீத்தா. வெலாஸ்கஸ் என்னும் ஓவியர் 1656-இல் தீட்டிய உலகப் புகழ் பெற்ற அரண்மனைப் படத்தின் நடுவே நிற்கும் சிறுமியின் பெயரும் மார்கரீத்தாவே.

அவ்வரசி மார்கரீத்தாவின் படங்களில் அவள் மார்பில் ஒரு பெரிய முத்துத் தொங்குகிறது. பனாமாக் கடலில் எடுக்கப்பட்ட அம்முத்துக்கு 'லா பெரெக்ரீனா' என்று பெயர். அரசர் கையிலிருந்து பலர் கை மாறி, 1969-இல் எலிசபெத் டெய்லர் என்னும் திரைப்பட நடிகையிடம் வந்து, 2011-இல் நியூயார்க் ஏலத்தில் அதன் மாலையோடு 1 கோடியே 18 லட்சம் டாலருக்கு விலை போயிற்று. அணிந்தவர் பெயரெல்லாம் நமக்குத் தெரியும். கடலுக்குள் மூச்சடக்கி அதனை எடுத்து வந்தவன் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை.

இவ்விஷயத்தில் இன்னுமொரு கொடுமையும் உண்டு. 1498-ஆம் ஆண்டில் கொலம்பஸ் தென் அமெரிக்கக் கரையை அடைந்தபோது, முத்துப் படுகைகள் நிறைந்த தீவுகள் தென்பட்டன. அவற்றுள் பெரிய தீவுக்கு ஸ்பானியர் மார்கரீத்தா என்றே பெயரிட்டனர். வெனிசுவேலா நாட்டைச் சேர்ந்த அத்தீவுக்கு இன்றும் அதுவே பெயர். அதற்கு அண்மையிலுள்ள குபாகுவா என்னும் சிறு தீவில் நல்ல தண்ணீரும் இல்லை. அங்கே முத்துக்காகவே ஒரு நகரத்தை எழுப்பினர். நீந்துவதில் வல்லவர்களாகிய பஹாமாத் தீவு மக்களை அடிமைகளாகப் பிடித்து வந்து, காலை முதல் மாலை வரை கடலுக்குள் இறக்கினர். இளைப்பாற மேலே வந்தவர்களை அடித்து மீண்டும் அமிழ்த்தினர் என்று லாஸ் காசாஸ் என்னும் பாதிரியார் மனம் கொதித்து எழுதியிருக்கிறார். 1542-ஆம் ஆண்டில் ஸ்பெயின் அரசாங்கம் புதிய சட்டம் செய்து, சுதந்திரமுள்ள இந்தியரை வற்புறுத்தி முத்துக் குளிக்க அனுப்புவோர்க்கு மரண தண்டனை என்று விதித்தது. சட்டம் பிறந்தபோது குபாகுவாவில் சிப்பியும் தீர்ந்துவிட்டது, குளித்தவரும் தீர்ந்துவிட்டனர்.

அதே 1542-ஆம் ஆண்டில்தான் ஸ்பெயின் நாட்டு நவார் பகுதியிற் பிறந்த பிரான்சிஸ் சவேரியார், தமிழகத்து முத்துக் குளித்துறைக்கு வந்து சேர்ந்தார். அக்கரையிலுள்ள பரதவர் பல்லாயிரவர், போர்த்துக்கீசியரின் பாதுகாப்பை நாடி, அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்னரே ஞானஸ்நானம் பெற்றிருந்தனர். சவேரியார் அவர்களுக்காகச் செபங்களைத் தமிழில் ஆக்குவித்தார். 1545-இல் அவர் நம் மலாக்காவுக்கும் வந்தார். போர்த்துக்கீசியரும் ஸ்பானியரும் இட்டு வழங்கிய பெயர்கள் இவ்விதமாக நம் கரைக்கு வந்தன. முத்துக் குளிக்கும் கரைக்கே முத்து என்னும் பெயர் வேற்றுடை உடுத்து வந்த அதிசயத்தை அன்று எத்தனை பேர் உணர்ந்தனரோ!

அக்கரையில் தொழில் நடந்த விதமும் அறியத்தக்கது. குளிப்பவர் கயிற்றிற் கட்டிய கல்லைக் காலுக்குத் துணையாகக் கொண்டு அடித்தளத்துக்கு இறங்குவார். மூச்சடங்கும் அந்தச் சிறு பொழுதில் கைக்கெட்டிய சிப்பிகளைக் கூடையில் வாரிப் போடுவார். கயிற்றை அசைத்ததும் மேலே உள்ளவர் இழுத்துவிடுவர். குவித்த சிப்பிகளை அழுகவிட்டுக் கழுவிப் பார்த்தால், பெரும்பாலானவற்றில் ஒன்றும் இராது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இக்கரையைக் கண்ட மார்க்கோ போலோ, எடுத்ததில் பத்தில் ஒரு பங்கு அரசனுக்கும், சுறாமீன்களை மந்திரத்தால் கட்டுவதாகச் சொன்னவர்க்கு இருபதில் ஒரு பங்கும் சென்றதாக எழுதுகிறார். மந்திரம் சொல்லிக் கரையில் நின்றவனுக்கும் பங்கு உண்டு என்பதை நம் தோழர்கள் கவனிப்பார்களாக.

நிற்க. முத்தம்மாள் என்ற பெயருக்கு வருவோம். முத்து என்னும் சொல் நமக்கு வீட்டுச் சொல். வடமொழியில் அதனை முக்தா என்பர். மலாய் மொழியில் முத்துக்கு வழங்கும் 'முத்தியாரா' என்ற சொல்லும் இந்தியாவிலிருந்து சென்றதே. முத்தாரம் என்று நாம் சொல்லும் சொல்லின் ஒலி அதில் அப்படியே கேட்கிறது. பவளத்தை மலாய்க்காரர் 'மர்ஜான்' என்பதும் அரபு மொழியின் வழியாக மார்கரீத்தாவின் உறவுச் சொல்லே. ஆகவே இரண்டு சொற்களும் பல நூற்றாண்டுகளாக இந்நாட்டுக் கடைத்தெருவில் ஒன்றையொன்று அறியாமலே உலாவி வருகின்றன.

ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். முத்து என்று தொடங்கும் நம் பெயர்கள் எல்லாம் கடல் முத்தால் வந்தவையல்ல. வைசூரிக் கொப்புளத்தையும் நம் மக்கள் முத்து என்றே சொன்னார்கள். பிள்ளை பிழைத்தால் முத்துமாரியின் பெயரை இடுவதாக நேர்ந்துகொண்டு இட்ட பெயர்களும் பல. அந்நோயை ஒழித்தது அம்மை குத்தும் ஊசி. 1980-ஆம் ஆண்டில் உலகத்திலேயே அது ஒழிந்துவிட்டதென்று அறிவிக்கப்பட்டது. அச்சம் போய்விட்டது, பெயர் மட்டும் எஞ்சியது. அப்பெயருக்குள் ஒரு தாய் தன் பிள்ளை பிழைத்ததற்காக விட்ட பெருமூச்சு இருக்கிறது. அதைப் பட்டிக்காடு என்று இகழ நமக்கு என்ன உரிமை?

இனி நம் தோட்டத்துக்கே இச்சொல் வந்து சேர்ந்த கதையையும் கேளுங்கள். 1813-ஆம் ஆண்டில் ஷெவ்ரூல் என்னும் பிரெஞ்சு இரசாயன அறிஞர், கொழுப்பிலிருந்து பிரித்தெடுத்த ஒரு பொருள் முத்துப் போல் மினுங்கக் கண்டு, கிரேக்கச் சொல்லைக் கொண்டு அதற்கு 'மார்கரீன்' என்று பெயரிட்டார். 1869-இல் அதே நாட்டவர் ஒருவர் வெண்ணெய்க்குப் பதிலாகச் செய்த பண்டத்துக்கு அப்பெயரே சென்று ஒட்டிக்கொண்டது. அதுதான் நாம் ரொட்டியில் தடவும் மார்ஜரின். இன்று அதனைச் செய்வதற்குச் செம்பனை எண்ணெய் பெரிதும் பயன்படுகிறது. சிலாங்கூரில் தென்னமரம் என்னும் தோட்டத்தில் 1917-இல் வாணிகத்துக்கென முதன்முதல் பயிரிடப்பட்ட செம்பனை, இன்று ஜொகூர் முழுவதையும் மூடி நிற்கிறது. குழந்தையின் தகப்பனார் வெயிலில் நின்று நீண்ட அரிவாளால் அறுத்துத் தள்ளும் குலையின் எண்ணெய், மார்கரீத்தாவின் பெயரோடு தகர டப்பாவில் அடைபட்டு அவர் வீட்டு அலமாரிக்கே திரும்பி வருகிறது. முத்தைப் போலவே இதிலும் எடுப்பவன் ஒருவன், பெயர் பெறுபவன் வேறொருவன்.

இவ்வளவையும் படித்த பிறகு நம் மனத்தை உறுத்திய விஷயம் ஒன்று உண்டு. அம்மூதாட்டியார் இளமையில் பால்மரம் வெட்டியவர். முதுமையில் தம் சேமிப்புப் பணத்தைப் பெறப் போனபோது, பத்திரங்களில் பெயர் ஒத்துவரவில்லையென்று பல மாதங்கள் அலைக்கழிக்கப்பட்டார். அப்பத்திரங்களை நாம் பின்னர் பார்த்தோம். ஆங்கில எழுத்தில் ஒன்றில் மூட்டமா, ஒன்றில் மூத்தம்மா, ஒன்றில் முத்தம்மா என்று எழுதப்பட்டிருந்தது. எழுதியவர்கள் நம்மைப் போன்ற கிராணிகளே. மார்கரெட் என்று எழுதும்போது ஓர் எழுத்துத் தவறினாலும் அடித்துத் திருத்தியிருப்பார்கள். தொழிலாளியின் பெயர் தானே என்று, காதில் விழுந்தபடி கிறுக்கி விட்டார்கள். அவர்கள் இரண்டு நொடி பொறுத்து "எப்படி எழுதுவது அம்மா?" என்று கேட்டிருந்தால், அம்மூதாட்டியார் பல மாதம் படியேறி இறங்கியிருக்க வேண்டியதில்லை. இக்குற்றத்தில் நமக்கும் பங்குண்டென்பதை ஒப்புக்கொள்ளுகிறோம். நாமும் அவ்விதம் எழுதிய நாட்கள் உண்டு.

மூன்றாம் நாள் மாலை அக்குடும்பத்தார் மீண்டும் வந்தனர். நாம் இச்சரித்திரத்தைச் சுருக்கிச் சொல்லி, "இரண்டும் ஒரே பெயர். ஒன்று கடல் கடந்து சுற்றி வந்தது, மற்றொன்று வீட்டிலேயே இருந்தது, அவ்வளவுதான் வேறுபாடு" என்றோம். மருமகள் சற்று நேரம் பேசவில்லை. பிறகு மாமியாரைப் பார்த்து, "எனக்குத் தெரியாது அத்தை" என்று மட்டும் சொன்னார். பேரன், பேத்தி என்னும் சொற்கள் பெயரன், பெயர்த்தி என்பவற்றின் திரிபு. பாட்டன் பாட்டியின் பெயரைத் தாங்குவோர் என்பதே அவற்றின் பொருள். இதனையும் நாம் எடுத்துச் சொன்னபோது மூதாட்டியார் சிரித்துவிட்டார். "அப்படின்னா அவ எந்தப் பேரு வச்சாலும் எம் பேருதானே ஐயா? பாரத்துல அவ ஆசைப்பட்டதையே எழுதுங்க. வீட்டுல நான் முத்துன்னு கூப்பிட்டுக்குறேன்" என்றார்.

அவ்வாறே எழுதினோம். ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லி எழுதி, உரக்கப் படித்துக் காட்டி, தாயார் சரியென்ற பிறகே பேனாவை வைத்தோம்.

வேற்று மொழிப் பெயரை விரும்பி இடுவது குற்றமன்று. தன் பெயரை இழிவென்று எண்ணி அதனை விட்டோடுவதே குற்றம். எப்பெயரை இடினும் அதன் பொருளையும், அப்பொருளைக் கடலிலிருந்தும் காட்டிலிருந்தும் கொண்டு வந்த கைகளையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள். பேனா பிடிக்கும் நம் தோழர்களுக்கு ஒரு வார்த்தை: அடுத்த முறை ஒரு முத்தம்மாள் உங்கள் மேசை முன் வந்து நிற்கும்போது, அவர் பெயரை எப்படி எழுதுவதென்று அவரையே கேட்டு எழுதுங்கள்.